பன்னிரண்டடிப் புலியும் புஜைரா தையல்காரரும்

ஷார்ஜாவிலிருந்து புஜைராவுக்கு ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா என்று போன பதிவின் கீழே மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். முடியும், தாராளமாக முடியும். நான் முதன்முதலில் போனது 1986 நவம்பரில், ஒரு வெள்ளிக்கிழமை. கடல் பார்க்கவும் போகவில்லை, மலை பார்க்கவும் போகவில்லை. நான் வரைந்த ஒரு புலியில் என்ன தப்பு என்று கேட்டுவரப் போனேன். சிரிக்காதீர்கள். அன்றைக்கு என் பிழைப்பே அந்தப் புலியை நம்பித்தான் இருந்தது.

நான் போர்டு எழுதுகிறவன். ஊர் கோவில்பட்டி. பதினாறு வயதில் சிவகாசியில் தீப்பெட்டி லேபிள் வரையும் இடத்தில் தொழில் பழகி, பிறகு கடை போர்டு, கல்யாண பேனர், கட்சிச் சுவர் என்று எல்லாம் எழுதி, 1985-இல் ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு போர்டு கடைக்கு வந்தேன். கராஜ்களுக்கு டயர் படம், பேட்டரி படம், லாரிக் கதவுகளில் கம்பெனி பெயர். பதினான்கு மாதத்தில் அந்தக் கடையை மூடிவிட்டார்கள். முதலாளி நல்ல மனுஷன், வேறு இடத்தில் வேலைக்குச் சேரலாம் என்று ரிலீஸ் பேப்பர் கொடுத்துவிட்டார். மாதக் கடைசிக்குள் வேறொரு கஃபீல், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்கும் உள்ளூர்க்காரர், கையெழுத்துப் போட்டால் இருக்கலாம். போடாவிட்டால் கலாஸ், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ஊருக்குப் போனால் பிழைக்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். அதுதான் என் பயமே! என் மாமனாருக்குக் கோவில்பட்டியில் பெரிய பலசரக்குக் கடை. நான் ரயில் ஏறிய அன்று ஸ்டேஷனில் பத்துப் பேர் நடுவில் நின்றுகொண்டு, "போய்ட்டு வரட்டும். கொஞ்ச நாள்ல திரும்பி வந்து நம்ம கடையிலதான் பொட்டலம் மடிக்கப் போறாரு, நீங்க பாத்துக்கிட்டே இருங்க" என்றார். என் மனைவி புஷ்பம் அப்போது நாலு மாதம். தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டோடு மாப்பிள்ளையாகப் போய் அந்த மனுஷன் கல்லாவுக்குக் கீழே உட்கார்ந்து துவரம்பருப்பு நிறுப்பதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு எரியும். அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் பிறகு எழுந்திருக்கவே முடியாது என்று எனக்குத் தெரியும்.

இந்த நேரத்தில்தான் தொழில்பேட்டைக்குப் பக்கத்தில் ஓர் அரபுக்காரர் புதிதாகத் தற்காப்புக் கலைக் கூடம் ஒன்று திறக்க இருந்தார். அப்போது எல்லாருக்கும் கராத்தே பைத்தியம். எங்கள் கேம்ப்பில் ஓடு உடைக்காத கை கிடையாது. உடைந்த கைகளும் உண்டு. கூடத்தின் மேனேஜர் சசி, திருச்சூர்க்காரர், என்னைக் கூப்பிட்டு, "மணியே, பின்சுவர் நிறையெ ஒரு புலி வேணும். அர்பாபுக்கு இஷ்டப்பட்டா உன்டெ விசா இவிடேதான்" என்றார். அர்பாப் என்றால் முதலாளி.

விடுவேனா? பன்னிரண்டு அடி அகலம், எட்டு அடி உயரம். பின்னால் மலை, மலையிலிருந்து பாய்ந்து இறங்கி வரும் புலி, திறந்த வாய், நான்கு கோரைப்பற்கள், வாசலில் நுழைகிறவனை நேராகப் பார்க்கும் இரண்டு மஞ்சள் கண்கள். நானே வரைந்துவிட்டு நானே இரண்டடி பின்னால் போனேன். சசி கைதட்டினார்.

திறப்பு விழாவுக்குப் புஜைராவிலிருந்து ஜமால் என்று ஒரு தையல்காரர் வந்து வியட்நாம் பாணிப் புலியாட்டம் ஒன்று செய்துகாட்டுவதாக ஏற்பாடு. ஷார்ஜா முழுக்க யாரும் பார்த்திராத வித்தை என்று அரபுக்காரர் அதற்காகவே ஆட்களை அழைத்திருந்தார். விழாவுக்குப் பத்து நாள் முன்பு ஒத்திகைக்கு வந்த ஜமால், பையைக் கீழே வைத்தார், சுவரைப் பார்த்தார், பையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "இந்தப் புலிக்குக் கீழ நான் செய்யமாட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த டாக்ஸியில் போயே போய்விட்டார். நான் அப்போது அங்கே இல்லை. ஏன் என்று சசி கேட்கவும் இல்லை. ஜமாலின் தையல்கடையில் போன் கிடையாது. "நீயே போயி கேக்கு. அவன் வரலேன்னா பரிபாடி இல்லை. பரிபாடி இல்லேன்னா அர்பாப் வரமாட்டார். பின்னே உனக்கு எவிடெ ஒப்பு?" என்றார் சசி. பரிபாடி என்றால் நிகழ்ச்சி, ஒப்பு என்றால் கையெழுத்து. அந்தச் சொல் மட்டும் எனக்கு நன்றாகவே புரிந்தது.

வெள்ளி காலை ஏழு பத்துக்கு ஷார்ஜா நடுவில் இருக்கும் ரோலாவில் ஷேர் டாக்ஸி. ஒரு சீட் இருபத்தைந்து திர்ஹாம், ஏழு பேர் சேர்ந்தால்தான் வண்டி நகரும். தூரம் சுமார் நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர். ஓட்டுநர் கான், பெஷாவர் பக்கம். ஐந்து பேர்தான் சேர்ந்திருந்தோம். ஏழே முக்கால் வரை அவர் "ஏக் மினிட் பாய், ஏக் மினிட்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு பட்டாணியர்கள் ஒரு மூட்டை வெங்காயத்தோடு வந்தார்கள். யல்லா என்றார், கிளம்பினோம். வெங்காயம் என் மடியில்.

தைத் என்கிற ஊர் வரை ஐம்பது கிலோமீட்டர், இருபுறமும் மணல். சிவப்பு மணல். ஒட்டகம் சாலையைக் கடந்தால் வண்டியை நிறுத்திவிட வேண்டும், ஹாரன் அடிக்கக் கூடாது என்று கான் சொன்னார். தைத் தாண்டினால் மணல் மெல்ல மெல்லச் சரளையாகிறது, சரளை கல்லாகிறது, திடீரென்று நிமிர்ந்து பார்த்தால் மலை. ஒரு புல் பூண்டு இல்லாத மலை. எங்கள் கழுகுமலைகூட இதற்கு முன்னால் பச்சைப் பசேல்தான். அந்த வெறும் கல்லைப் பார்த்தபோது, நான் சுவரில் வரைந்த மலையில் தென்னை மரம் வைத்தது கொஞ்சம் அதிகப்படிதானோ என்று தோன்றியது. ஒருவேளை ஜமாலுக்குத் தென்னைதான் பிடிக்கவில்லையோ?

மசாஃபியில் பத்து நிமிடம் நிறுத்தினார். சாலையோரமாகவே சந்தை. கம்பளம், மண்பானை, பழம். டீ ஐம்பது ஃபில்ஸ், அதாவது அரை திர்ஹாம். நான் ஜமாலிடம் காட்டுவதற்காகப் புலியின் பென்சில் நகல் ஒன்றைச் சுருட்டி எடுத்து வந்திருந்தேன். அதைப் பிரித்துப் பார்த்த கான், டீயை உறிஞ்சிக்கொண்டே, "இஸ்கோ தாந்த் மே தர்த் ஹை க்யா, பாய்?" என்றார். இதற்குப் பல்வலியா என்று கேட்கிறார்! பட்டாணியர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் வெங்காய மூட்டையைத் தூக்கி அவர்கள் மடியிலேயே போட்டேன். ஆனால் ஒன்று, அதன்பிறகு அந்த வாயைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கும் பல்வலிதான் தெரிந்தது.

மசாஃபியிலிருந்து மலைக்குள் முப்பத்தைந்து கிலோமீட்டர் வளைந்து வளைந்து இறங்கினால் புஜைரா. ஒன்பது ஐம்பதுக்கு இறங்கினேன். அந்தச் சமயம் வளைகுடாவுக்குள் போர் நடந்துகொண்டிருந்ததால், உள்ளே போகத் தயங்கிய எண்ணெய்க் கப்பல்கள் வெளியே புஜைரா கடலில் வரிசையாக நின்றன. நான் எண்ணிய வரையில் இருபத்திரண்டு. அந்தக் கப்பல்காரர்கள் போடும், சட்டையும் பேண்டும் ஒன்றாகச் சேர்ந்த பாய்லர் சூட்டுகள் கிழிந்தால் தைப்பதுதான் ஜமாலின் முக்கிய வேலை.

கடையைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. பழைய சந்தைப் பக்கம், கப்பல்காரர்களுக்குத் தைக்கிற கடை என்றதும் கைகாட்டிவிட்டார்கள். நான் ஒரு வியட்நாம்காரரை எதிர்பார்த்துப் போனேன். உள்ளே மிஷினில் உட்கார்ந்திருந்தவருக்கு என் வயதுதான், முப்பத்து மூன்று இருக்கும். சின்னக் கண், தட்டை மூக்கு, தலையில் தொப்பி. நான் என் அரைகுறை இந்தியில் ஆரம்பித்தேன்.

"அண்ணே, தமிழ்லயே பேசுங்க. நான் காரைக்கால்" என்றார்.

அப்பா காரைக்கால்காரர். சைகோனில் துணிக்கடை வைத்திருந்தார். அம்மா அந்த ஊர்ப் பெண். அந்தக் காலத்தில் காரைக்கால், புதுச்சேரிக்காரர்கள் நிறையப் பேர் அங்கே போய்க் குடும்பமாகியிருக்கிறார்கள். இது தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள், எனக்கும் அன்றுதான் தெரியும். வியட்நாம் போர் முடிந்த பிறகு குடும்பத்தோடு காரைக்கால் திரும்பிவிட்டார்கள். அம்மா இன்னும் அங்கே இருக்கிறார், உப்பில் மீன் சாறு ஊறவைத்து, அந்த வாடைக்காகப் பக்கத்து வீட்டுக்காரர்களோடு சண்டை போட்டுக்கொண்டு. ஜமாலுக்கு வித்தை சொல்லிக் கொடுத்தது அம்மாவின் தம்பி. ஒன்பது வயதிலிருந்து பத்து வருடம்.

நான்தான் அந்தப் புலியை வரைந்தவன் என்று சொன்னதும் மிஷினை நிறுத்தினார். "நல்லாத்தான் வரஞ்சிருக்கீங்க. அதான் கஷ்டமே. மோசமா வரஞ்சிருந்தா கண்டுக்காம செஞ்சிட்டுப் போயிருப்பேன்" என்றார். பாராட்டா, குத்தலா? நான் சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன், ஆனால் அவர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டார். தொழுகை முடிந்து வந்து, அறையில் சோறும் மீன் குழம்பும் போட்டார். சண்டை போடப் போன வீட்டில் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டால் பிறகு எப்படிச் சண்டை போடுவது?

சாப்பிட்டபடியே சொன்னார். அவர் அம்மாவின் ஊரில் புலியைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்களாம். ஐயா என்பார்கள். முப்பதாம் நாள் ஐயா என்றும் ஒரு பெயர் உண்டு. மாதத்தின் முப்பதாம் நாள், நிலா இல்லாத நாளில் வெளியே வருகிறவர் என்பதால் அப்படி என்று மாமன் சொல்லியிருக்கிறார். வேறு காரணம் சொல்கிறவர்களும் உண்டாம். நம் ஊரில் ராத்திரியில் பாம்பைப் பாம்பு என்று சொல்லாமல் பூச்சி என்கிறோமே, அதே சங்கதிதான். காட்டோரத்தில் ஐயாவுக்குச் சின்னக் கோயில்கூட வைத்திருப்பார்கள். "நான் கும்புடுறதில்லண்ணே. மரியாதை குடுக்குறேன், அவ்வளவுதான்" என்றார் ஜமால்.

எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. புலிக்கு என்ன நிறம் என்று கேட்டேன், தொழில்புத்தி. கோயில் படங்களில் ஐந்து புலி இருக்குமாம். கிழக்குக்குப் பச்சை, தெற்குக்குச் சிவப்பு, மேற்குக்கு வெள்ளை, வடக்குக்குக் கறுப்பு, நடுவில் மஞ்சள். பச்சைப் புலி! நம் ஊரில் ஒரு பச்சைப் புலி வரைந்தால் போர்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"சரி பாய், என் புலியில என்ன தப்பு? தென்னை மரமா?" என்று கேட்டேன்.

"தென்னையும் தப்புதான்" என்று சிரித்தார். "ஆனா அது இல்ல. உங்க புலி எறங்குது. என் புலி ஏறுது."

அவர் செய்யும் அந்த ஆட்டத்தின் பெயர் லாவ் ஹோ துவாங் சோன். மூத்த புலி மலையேறுகிறது என்று பொருள். மலையை விட்டு இறங்கும் புலி அவர்களுக்கு வேறு சங்கதி. "எறங்குற புலி பசியில வருதுண்ணே. அதுக்கு ஊருக்குள்ள வேல இருக்கு. ஏறுற புலிக்கு வேல முடிஞ்சிருச்சு, வீட்டுக்குப் போவுது. பசிச்ச புலியத் தலைக்கு மேல மாட்டிக்கிட்டு, வீட்டுக்குப் போற புலியா நான் கீழ நின்னா, எங்க மாமன் செருப்பக் கழட்டுவாரு."

நாலு மணிக்கு வெயில் தாழ்ந்ததும் கடைக்குப் பின்னால் இருந்த வெற்று இடத்தில் எனக்காகச் செய்துகாட்டினார். நான் கராத்தே மாதிரி 'ஹா', 'ஹூ' எல்லாம் எதிர்பார்த்தேன். சத்தமே இல்லை. முட்டி மடங்கித் தரையோடு தரையாக உட்கார்ந்தார். ஐந்து விரலும் உள்பக்கம் வளைந்து நின்றன. ஒரு கை முகத்துக்கு முன்னால், ஒரு கை இடுப்போடு. திடீரென்று அந்தக் கை ஒரு வீச்சு வீசியது, உடனே உடம்பு முழுவதும் திரும்பி வேறு பக்கம் நகர்ந்தது. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் இப்படியே. அடிக்கிறார், திரும்பிக்கொள்கிறார். அடித்த இடத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கடைசிக்கு முந்தின அடியில் மட்டும் ஒரே ஒரு முறை தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்தார். பிறகு முடித்து, கைகூப்பி நின்றுவிட்டார். மொத்தம் இரண்டு நிமிடம் இருக்கும்.

"அந்தக் கைவீச்சு எதுக்கு பாய், கழுத்தைப் பிடிக்கவா?"

"பிடிக்கலாம். ஆனா மாமன் அப்படிச் சொல்லித் தரல. வழியில கெடக்குற கெளைய ஒதுக்குற மாதிரி செய்யின்னாரு. மறிச்சா ஒதுக்கு. தொரத்தாத."

"எங்க ஊர்ல புலி பதுங்குறது பாயுறதுக்குன்னு சொல்லுவோம்."

"அது புலியப் பாத்துப் பயந்தவன் சொன்னது. புலிகிட்ட யாரு கேட்டா?" என்றார்.

வேறு ஆசான்கள் இதே ஆட்டத்துக்கு வேறு விளக்கம் சொல்லக்கூடும். நான் கேட்டதை எழுதுகிறேன், அவ்வளவுதான். மூத்த புலி என்றால் கிழட்டுப் புலி இல்லையாம். தான் புலி என்று யாருக்கும் நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லாத புலியாம். அதனால்தான் வாய் மூடியிருக்கும்.

எனக்கு எங்கேயோ குத்தியது. "அதெல்லாம் சரி பாய், சண்டையை விட்டுட்டு வீட்டுக்குத் திரும்பிப் போறவன் தோத்தவன்தானே?" என்று கேட்டுவிட்டேன். கேட்டது புலியைப் பற்றி இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறவர்களுக்கே ஒரு பார்வை உண்டு, அப்படிப் பார்த்தார். "தொரத்திவிட்டுப் போனா தோத்தவன். தானா போனா எதுக்குண்ணே தோத்தவன்?" என்றார். பேச நன்றாகத்தான் இருக்கிறது, எங்கள் மாமனாரிடம் வந்து சொல்லிப் பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் என் தப்பு அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. நான் வாழ்நாளில் வரைந்த அத்தனை புலியும் தீப்பெட்டிப் புலி! இரண்டு அங்குல லேபிளில் புலியின் உடம்பு வரைய இடம் ஏது? முகத்தைப் பெரிதாகப் போட்டு, வாயைத் திறந்துவிட வேண்டும், அப்போதுதான் கடைக்காரன் தூரத்திலிருந்து அடையாளம் கண்டு எடுத்துத் தருவான். அதே இரண்டு அங்குலப் புலியைக் கட்டம் போட்டுப் பன்னிரண்டு அடிக்குப் பெரிதாக்கியிருக்கிறேன். புலிக்கு முதுகு என்று ஒன்று உண்டு என்பதை நான் யோசித்ததே இல்லை. ஒரு புலியின் பின்புறம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. பதினேழு வருடத் தொழில், வெட்கக்கேடு.

"பாய், சட்டையைக் கழட்டிட்டு இன்னொரு தடவை செய்ங்க" என்றேன். மூன்று தடவை செய்தார். தோள்பட்டை எலும்பு எங்கே எழும்புகிறது, இடுப்பு எங்கே சாய்கிறது என்று ஒன்பது படம் போட்டேன். போதவில்லை. மீன் சந்தைக்கு ஓடினேன். அங்கே பூனைகளுக்கா பஞ்சம்? குட்டிச்சுவரில் ஏறும் ஒரு கொழுத்த பூனையின் பின்னாலேயே அரைமணி நேரம் பென்சிலோடு அலைந்தேன். மீன் விற்கிற மலபார்க்காரர்கள் எனக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று முடிவு செய்திருப்பார்கள். ஐந்தரைக்குக் கடைசி ஷேர் டாக்ஸி, அதே இருபத்தைந்து திர்ஹாம். ஜமால் வண்டி வரை வந்து, "முதுகு வந்தா நான் வர்றேன்" என்றார்.

பயணக் குறிப்புகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் போட்டால் யாரும் படிப்பதில்லை. போகிறவர்கள் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள், மற்ற மாதங்களில் அந்த மலை அடுப்புக்கல். நான் சொன்ன கட்டணத்தை நம்பிக் கிளம்பாதீர்கள், அது அந்தக் காலம். இப்போது பேருந்தும் உண்டு, நல்ல சாலையும் உண்டு, முன்பு இரண்டு மணி நேரம் ஆன இடத்துக்கு இப்போது அவ்வளவு ஆகாது. மசாஃபி சந்தையில் கம்பளத்துக்குச் சொல்கிற விலையைக் கேட்டு மயங்க வேண்டாம், பாதியிலிருந்து பேரத்தைத் தொடங்குங்கள். வெள்ளிக்கிழமை போனால் தொழுகை நேரத்தில் கடை மூடியிருக்கும், அதற்குத் தகுந்தாற்போல் சாப்பாட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஷேர் டாக்ஸியில் போனால் மடியில் உங்கள் பையை முதலிலேயே வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வெங்காயம் வரும்.

சனிக்கிழமை காலையே சுவருக்கு முன்னால் ஒரு தார்ப்பாய் கட்டிவிட்டு, பழைய புலிக்கு வெள்ளை அடித்தேன். வாயைக் கடைசியாக அழித்தேன். சசி தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் நின்று, "சரியாக்கியோ, சரியாக்கியோ" என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். வியாழன் மதியம் முடித்துத் திறந்து காட்டினேன். வெறும் கல்மலை, தென்னை கிடையாது. சரிவில் ஏறிக்கொண்டிருக்கும் புலி, நமக்கு முதுகு காட்டி. தோளுக்கு மேலாக ஒரு கண்ணும், மூடிய வாயின் ஓரமும் மட்டும் தெரியும்.

சசி கிட்டே போய்ச் சுவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு, "முகம் எவிடெ மணியே? அர்பாபுக்குப் புலியோட குண்டியக் காட்டவா நான் இந்த ஹால் கட்டினேன்?" என்று கத்தினார். இனி மாற்ற நேரமும் இல்லை. "நாளைக்கு அவர் கேட்டா நீதான் பதில் சொல்லணும், என்டெ பேரு சொல்லக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். பழைய புலியை அப்படியே விட்டிருந்தால், ஜமால் வராததால்தான் போச்சு என்று பழியை அவர் தலையிலாவது போட்டிருக்கலாம். இப்போது ஜமால் வந்து அரபுக்காரர் முகம் சுளித்தால் எல்லாமே என்னாலேயே போச்சு. புத்தி கெட்டவனே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

வெள்ளி மாலை நாற்பது, ஐம்பது பேர் வந்திருந்தார்கள். ஜமால் வந்தார். சுவரைப் பார்த்தார், பையைக் கீழே வைத்தார், திரும்ப எடுக்கவில்லை. ஆட்டம் ஆரம்பித்ததும் கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள், சத்தமில்லாமல் ஒருவர் ஊர்ந்தால் சிரிப்பு வரும்தானே. பாதியில் சிரிப்பு நின்றுபோனது. அவர் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்த நொடியில் மேலே சுவரில் இருந்த புலியும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் ஒருவர் தன்னை அறியாமல் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

அரபுக்காரருக்கு அறுபது வயது இருக்கும். கைதட்டவில்லை. எழுந்து நேராகச் சுவருக்குப் போனார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம் நின்றார். சசி என்னை முன்னால் தள்ளிவிட்டு என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அரபுக்காரர் திரும்பி அரபியில் ஏதோ கேட்டார். வரைந்தவன் இவன்தான் என்று சசி என்னைக் கைகாட்டினார், நல்லவேளை தன் பெயரைச் சொல்லவில்லை.

பிறகு அவர் பேசப் பேச, சசி தன் தமிழில் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். "சின்ன வயசுல இவர் மசாஃபிக்கு மேலே மலையில ஆடு மேய்ச்சிருக்கார். ஒரு நாள் சுனையில தண்ணி எடுக்கப் போயி. எதிர்ல சிறுத்தை. இங்கேர்ந்து அந்தக் கதவு வரைக்கும்தான் தூரம். இவர் கையில ஒரு கம்பு, வேற ஒண்ணும் இல்லை. ரெண்டு பேரும் அசையாம நின்னாங்க. அப்புறம் அது திரும்பி மேலே ஏறிப் போச்சு. இதே மாதிரி. ஒரே ஒரு தடவை திரும்பிப் பாத்துட்டு."

அரபுக்காரர் சுவரில் புலியின் தோள்பட்டையைத் தொட்டுக்காட்டி இன்னொன்று சொன்னார். சசி அதை மொழிபெயர்க்கும்முன் சிரித்துவிட்டார். "நிறையப் பேர் வீட்டுல வாய் திறந்த புலி படம் பாத்திருக்காராம். வாய் திறந்ததை நிஜத்துல பாத்தவன் எவனும் உசிரோட வந்து படம் வரையச் சொல்லியிருக்க மாட்டான்னு சொல்றார். முதுகைப் பாத்ததாலதான் எனக்கு ஏழு பிள்ளைங்க இருக்கு, இவனுக்கு எப்படித் தெரியும்னு கேக்கறார்."

எனக்கு எப்படித் தெரியும்? ஜமாலைக் கைகாட்டினேன். கண்ணீர் வந்துவிட்டது, ஐம்பது பேர் முன்னால், துடைக்கக்கூடத் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை கையெழுத்தாகிவிட்டது.

விசா அடித்து முடிந்ததும் நான் செய்த முதல் காரியம் எனக்கே ஆச்சரியம். இரண்டு வாரம் லீவு கேட்டேன். இருக்க இடம் கிடைத்தவுடன் ஊருக்குப் போகிறேன் என்கிறானே என்று சசி தலையில் அடித்துக்கொண்டார். மாதக் கடைசியை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்த அத்தனை நாளும் ஊர் என்றாலே எனக்குத் தூக்குக்கயிறு. இப்போது யாரும் துரத்தவில்லை, அதனால் புஷ்பத்தையும், நான் இன்னும் பார்க்காத என் மகளையும் பார்க்க ஆசை பொங்கி வந்தது. அரபுக்காரர் விட்டார்.

கோவில்பட்டி ஸ்டேஷனுக்கு மாமனார் வந்திருந்தார். என் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேத்தியை என் கையில் கொடுத்தார். வளைகுடாவிலிருந்து லீவில் வருகிற எவனுக்கும் பிடிக்காத கேள்வி ஒன்று உண்டு, வீட்டில் காலை வைக்கும்முன்பே எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள், எத்தனையோ பேர் அதைக் கேட்டு மனம் நொந்து நான் பார்த்திருக்கிறேன். அன்று அவர் வாயிலிருந்து அதே கேள்வி வந்தபோது என் ஜென்மத்தில் அவ்வளவு இனிப்பான வார்த்தையை நான் கேட்டதில்லை.

"என்ன மாப்ள, எப்பத் திரும்பிப் போறீங்க?"